திருக்கை அடித்த கால்

இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு செய்தித்தாளின் மேல் ஏறி நிற்கச் சொன்னாள் மோகனப்பிரியா. தேவகி புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்த தண்ணீரில் முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் வைத்து எடுத்து, சுவரோரம் விரித்திருந்த தாளில் நின்றாள். பத்து எண்ணச் சொன்னாள், எண்ணினாள். இறங்கித் திரும்பிப் பார்த்தபோது தாளில் இரண்டு துடுப்புகளை அடுத்தடுத்துப் போட்டாற்போல ஈரம் பதிந்திருந்தது. குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரே அகலம். மோகனப்பிரியா தன் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலையும் நனைத்து, பக்கத்திலேயே ஒரு தடம் வைத்தாள். அது வேறு மாதிரி இருந்தது. பின்னால் ஓர் உருண்டை, முன்னால் ஓர் உருண்டை, இரண்டையும் சேர்க்க ஓரமாக ஒரு மெல்லிய பட்டை. நடுவில் உள்பக்கம் யாரோ கடித்து எடுத்ததுபோல தாள் காய்ந்தே இருந்தது.

நாற்பத்தொரு வயதில் தன் காலடியைத் தேவகி நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏரிச் சேறு காலடியை வைத்துக்கொள்வதில்லை, காலை உருவும்போதே மூடிக்கொண்டுவிடும். குளித்துவிட்டு வீட்டுச் சிமெண்டுத் தரையில் நடக்கிறபோது பதிந்திருக்கும்தான். ஆனால் யார் தன் காலடியைத் திரும்பி நின்று பார்க்கிறார்கள்.

பொன்னேரி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறக்கிற இலவச சிகிச்சை அறை அது. இரண்டு கட்டில், சக்கரமில்லாத ஒரு சைக்கிள், சுவரில் எலும்பும் நரம்பும் வரைந்த படம். மோகனப்பிரியா மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். தேவகிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவளுக்கு எல்லாரும் டாக்டரம்மாதான். வந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது திருக்கையைப் பற்றி. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், ஏரியில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தபோது, சேற்றில் புதைந்து கிடந்த திருக்கை வாலைச் சுழற்றி இடது கணுக்காலில் அடித்துவிட்டது. முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டது. அன்றிலிருந்து வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏற்றியதுபோல இருக்கும். சாயங்காலம் கணுக்காலின் உள்பக்கம் வீங்கிவிடும். ஊரில் அவள் காலுக்குப் பெயரே திருக்கை அடிச்ச கால்தான்.

எந்தக் காலில் அடித்தது என்று மோகனப்பிரியா கேட்டாள். இடது என்றாள் தேவகி. வலி எந்தக் காலில்?

"ரெண்டுலயும்தான். வெசம் அந்தக் காலுக்கும் தாண்டிடிச்சினு சொன்னாங்க."

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. தேவகி கொண்டுவந்திருந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடது கணுக்காலைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். முள் என்று ஒன்றும் இல்லை. அடித்தது உண்மை, தழும்பும் இருக்கிறது. ஆனால் அந்தப் புண் என்றைக்கோ ஆறிவிட்டது.

"அக்கா, இது திருக்கையோட வேலை இல்ல. உங்க பாதமே தட்டையான பாதம். நடுவுல இருக்க வேண்டிய வளைவு இல்ல. பொறந்ததுல இருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். சின்ன வயசுல உடம்பு தாங்கிக்கும், இப்ப தாங்கல."

பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னாள். வளைவு இருந்தால் ஒவ்வொரு அடியின் கனத்தையும் அது வாங்கிக்கொள்ளும். இல்லாதபோது கணுக்காலின் உள்பக்கம் இறங்குகிற நரம்புதான் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது ஓய்ந்து போனால் வலி. இது சரியாகி மறைந்துவிடாது, ஆனால் அடக்கி வைக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி, கால்விரலால் துணியைச் சுருட்டுகிற பயிற்சி, ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழே உருட்டுவது. எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பரில் செருப்பு ஒன்று, உள்ளே நடுவில் மேடு வைத்து, அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் ஆகும். கெட்டித் தரையில் இனிமேல் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

தேவகி கேட்டாள், "அப்ப தண்ணி? அதுல எறங்கக் கூடாதா?"

ஏரிக்கு அடியில் தரை எப்படி இருக்கும், எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்று மோகனப்பிரியா கேட்டாள். நிற்பதே இல்லை, முட்டி போட்டுத்தான் வேலை, அடியில் எல்லாம் சேறு, வெண்ணெய் மாதிரி என்று தேவகி சொன்னாள். மோகனப்பிரியா தனக்கு ஏரி தெரியாது என்றாள். "ரெண்டு வாரம் நீங்களே பார்த்து எழுதுங்க. எப்ப வலிக்குது, எங்க இருக்கும்போது வலிக்குதுனு. அப்புறம் பேசலாம்."

எட்டாவது வரைக்கும் படித்தவள் தேவகி. கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளைக் கசக்கிப் போடாமல், அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். காலை எழுந்ததும், வீட்டிலிருந்து ஏரிக்கரைக் கல் வரைக்கும், கல்லிலிருந்து தண்ணீர் வரைக்கும், தண்ணீரில், திரும்பி வரும்போது, சாயங்காலம் என்று ஆறு வரி. வலி இல்லையென்றால் ஒரு புள்ளி, கொஞ்சம் என்றால் ஒரு கோடு, தாங்கவில்லை என்றால் இரண்டு கோடு. அவள் புருஷன் சம்பந்தம் ஐஸ் கொட்டகையில் பெட்டி தூக்குகிறவன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, என்ன இது, கோலப் போட்டிக்குப் பயிற்சியா என்று கேட்டான். பொன்னேரியில் நடந்ததை முதலில் அவனிடம்தான் சொன்னாள். அவன் அவளுடைய காலை மடியில் எடுத்து வைத்து, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தான்.

"வாத்துக் காலு உன்து. அதான் தண்ணியில நல்லா கீற, தரையில நொண்டுற."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பன்னிரண்டாவது தாளில் எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, அவன் சொன்னதைத்தான் கோடுகளும் சொல்லின. தண்ணீரில் என்ற வரியில் பன்னிரண்டு நாளும் புள்ளிதான். ஐந்து மணி நேரம் முட்டி போட்டு நகர்ந்த நாளில்கூட அங்கே ஒரு கோடு இல்லை. இத்தனை வருடமாக ஏரிதான் காலைத் தின்கிறது என்று நினைத்து, ஈரத்தில் இருந்து ஏறியதும் முதல் வேலையாகக் காலைத் துடைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தன. கல்லிலிருந்து தண்ணீர் வரைக்கும், திரும்பவும் தண்ணீரிலிருந்து கல் வரைக்கும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் குப்பத்தில், கையால் இறால் பிடிக்கப் போகிற பெண்கள் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுப் போகிற இடம் அந்தக் கல். கங்கம்மா கல். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அதற்கு அப்பால் ஏரி அம்மாவின் மடி. மடியில் செருப்போடு யாரும் மிதிக்க மாட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கல்லைச் சுற்றி இருபது இருபத்தைந்து ஜோடிச் செருப்புகள் கிடக்கும், ஒன்றும் களவு போனதில்லை. தேவகி கல்யாணமாகி வந்த புதிதில் கல்லைத் தாண்டி ஐம்பது அடி வைத்தால் தண்ணீர். இப்போது முகத்துவாரம் மணல் ஏறிப் பாதி அடைபட்டு, ஆனி மாதத்தில் தண்ணீர் வற்றிப் போய் எங்கேயோ வெளுப்பாகத் தெரிகிறது. அவள் ஒருநாள் எண்ணிக்கொண்டே போனாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி. உப்புப் பூத்து ஓடாகக் காய்ந்த தரை, நடுநடுவே உடைந்த மட்டிச் சிப்பி. போகும்போது இறால் போட வெறும் ஓலைப் பறி, வரும்போது நனைந்த புடவையும் நிறைந்த பறியும்.

இதை வசந்தாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தேவகிக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

கையால் இறால் பிடிப்பது ஜோடி வேலை. இரண்டு பேர் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையைச் சேற்றில் விட்டுத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஒருத்தி கையிலிருந்து துள்ளுகிற இறால் மற்றவள் கைக்குத்தான் போகும். தனியாகப் போகிறவளுக்கு அதில் பாதிகூடத் தேறாது, வரிசையின் வாலில் மற்றவர்கள் கலக்கிவிட்டுப் போன தண்ணீரில்தான் அவள் தடவ வேண்டும். கரைக்கு வந்ததும் இரண்டு பறியையும் ஒன்றாகக் கொட்டி, உனக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை என்று அள்ளிப் பிரித்துக்கொள்வார்கள். வசந்தாவும் தேவகியும் பத்தொன்பது வருட ஜோடி. வசந்தாவுக்கு நாலைந்து வயது கூட. அதிகம் பேச மாட்டாள். வாயில் பறிக் கயிறு இல்லாதபோதும் இருப்பதுபோலத்தான் இருப்பாள். திருக்கை அடித்த அன்று, தேவகியை முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றிலும் கரையிலுமாக வந்தவள் அவள்தான். அந்த வருடமெல்லாம் சாயங்காலம் தவறாமல் வந்து, எருக்கிலையை வாட்டிக் கட்டி, சுடுமணல் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போதும் வலி அதிகம் என்று காதில் விழுந்தால் எருக்கிலையோடு வந்து நிற்பாள். இந்தப் பதினோரு வருடத்தில் தேவகி நடக்க முடியாமல் பின்தங்கும்போதெல்லாம் தானும் நடையைக் குறைத்துக்கொண்டவள். அதனால் நல்ல இடங்கள் போய், இறாலும் குறைந்துதான் போயிற்று. ஒருநாளும் அவள் அதைச் சொன்னதில்லை.

செருப்பு வந்தது. கறுப்பாக, கனமில்லாமல், பஞ்சுபோல அமுங்குகிற ரப்பர். நடுவில் உள்பக்கமாக ஒரு மேடு. முதல் நாள் அந்த மேட்டில் கூழாங்கல்லை மிதித்ததுபோல இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு, குழாயடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து, அரிசி களைந்து, உலை வைத்து முடித்த பிறகுதான் தேவகிக்கு உறைத்தது, இவ்வளவு நேரம் காலைப் பற்றி நினைக்கவே இல்லை என்று. ஒரு வேலையைச் செய்யும்போது அந்த வேலையை மட்டும் நினைப்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் காலண்டர் தாளின் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் கல்லண்டை வந்து நின்றாள். பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பறியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தேவகி கழற்றவில்லை.

"இன்னாடி அது கால்ல?" என்றாள் வசந்தா.

"செருப்புக்கா. டாக்டரம்மா தச்சிக் குடுத்தாங்க. தண்ணி வரைக்கும் போட்டுக்கினு வரேன். அங்க கழட்டிடுறேன்."

"கல்லத் தாண்டி எவளும் போட்டுனு போனதில்ல."

"கல்லு நட்டப்ப தண்ணி இங்க இருந்துச்சு. இப்ப அங்க கீது."

"தண்ணி போய்ட்டா அம்மாவும் எழுந்து போய்டுவாளா?"

மற்றவர்கள் பறிக் கயிற்றைச் சரிசெய்வதுபோல நின்றார்கள். யாரோ ஒருத்தி, வாரத்துக்கு நாலு இறால் வருது, அதுவும் செருப்பப் பாத்தா ஓடிடும் என்று சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். தேவகிக்கு மனதில் அடுக்கி வைத்திருந்தது எல்லாம் கலைந்துபோயிற்று. கெட்டித் தரையைப் பற்றி, கோடுகளைப் பற்றி, நரம்பைப் பற்றிச் சொல்ல நினைத்தவள் கடைசியில் சொல்லக் கூடாத இடத்திலிருந்து ஆரம்பித்தாள். திருக்கை இல்லையாம், முள்ளும் உள்ளே இல்லையாம், தன் காலே பிறவியில் அப்படித்தானாம் என்றாள்.

வசந்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் முதுவுல தூக்கினு வந்தது?"

"நான் அப்பிடிச் சொல்லலியேக்கா."

"வேற எப்பிடிச் சொல்ற?"

பதில் வருவதற்குள் வசந்தா திரும்பி, பின்னால் நின்ற சத்யாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சத்யா வசந்தாவின் அண்ணன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இருபத்தாறு வயது, இன்னும் ஜோடி அமையாதவள். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். தேவகி அங்கேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கல்லடியில் மற்றச் செருப்புகளோடு வைத்துவிட்டு, வெறுங்காலோடு பின்னாலேயே போனாள். அன்றைக்கு அவள் வாலில்தான் தடவினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து அடி வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாள் வீட்டோடு கிடந்தாள். சம்பந்தம் கொட்டகையிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து உடைத்துப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தான். மீனுக்குப் போட வேண்டிய ஐஸ், உன் காலும் கெடாம இருக்கும் என்றான். அவள் பாட்டிலை உருட்டிக்கொண்டு, வாசல் பக்கம் எருக்கிலை வாசனை வருகிறதா என்று இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் குழாயடியில் சத்யா வந்து குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது, குடம் நிறைய நேரம் ஆகும். சத்யா தன் மேல் கோபமா என்று கேட்டாள். இல்லை என்றாள் தேவகி. அது உண்மைதான். சத்யா குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"எங்க அத்தே செருப்பு போட்டு நீ எப்பனா பாத்துகிறியாக்கா?"

தேவகி யோசித்தாள். வசந்தா வெறுங்காலோடு நடப்பது ஊருக்கே தெரிந்ததுதான். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வெயிலில் தார் உருகும்போதும் அப்படித்தான் போவாள். சந்தைக்கு வந்தால் நிழல் விட்டு நிழல் தாண்டுவாள். கேட்டால், பழக்கமாயிடுச்சு என்பாள். கஞ்சத்தனம் என்று சில பேர் சொல்வார்கள். தேவகியும் ஒருமுறை அப்படி நினைத்திருக்கிறாள். ஒரு பொங்கலுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள், அது அப்படியே சத்யாவின் மாமியாருக்குப் போயிற்று.

"உன்னைத் தூக்கினு வந்தாங்க இல்ல, அன்னிக்கு உனுக்கு நெனவு இல்லியாம். கல்லண்ட வந்ததும் எறக்கி வச்சிட்டு வேண்டிக்கினாங்களாம். இவ காலு நின்னா போதும், நான் இனிமே கால்ல ஒண்ணும் போட மாட்டேனு. எங்க மாமியாதான் சொன்னாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுனு சத்தியம்."

தண்ணீர் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றெல்லாம் தேவகி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம். எத்தனை சித்திரை, எத்தனை வைகாசி. கால் நின்றது திருக்கையின் விஷம் இறங்கியதால், அது இறங்கியது வேண்டுதலால் என்று வசந்தாவின் மனதில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருந்திருக்கும். அதன் அடியில் இருந்ததைத்தான் இவள் பொன்னேரியிலிருந்து வந்து, எல்லாருக்கும் முன்னால், காலில் செருப்போடு நின்றுகொண்டு, உருவிப் போட்டிருக்கிறாள். போய்ப் பேசலாமா என்று இருந்தது. பேசப் போனால் சத்யா சொன்னது தெரிந்துவிடும். பேசாமல் செருப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு முன்போலவே வெறுங்காலோடு போனால் வசந்தா ஒருவேளை மனம் இறங்குவாள். இவளும் அப்படி நாலு மாதம் போவாள், ஆறு மாதம் போவாள். அதற்கப்புறம் ஜோடி இருக்கும், கால் இருக்காது. செருப்போடு போனால் கால் இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எடை பார்க்க முயன்றாள், முடியவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இவள் கால் நிற்க வேண்டும் என்றுதானே அவள் வேண்டிக்கொண்டாள். எந்தக் காரணத்தால் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லையே. இதை அப்படியே அவளிடம் சொன்னால் வாய்க்கொழுப்பு என்று நினைப்பாள். உண்மையாகவே தனக்கு அப்படித் தோன்றுகிறதா, அல்லது வசதிக்காகத் தோன்றுகிறதா என்று தேவகிக்கும் நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பிறகு செருப்புக் காலோடு அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் முன்னாலேயே போயிருந்தார்கள். உப்புத் தரை செருப்புக்கு அடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடமாக அந்தத் தரைக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. கீழேயே பார்த்துக்கொண்டு சிப்பியைத் தவிர்த்துத் தவிர்த்து நடந்து பழகியவள், தலையை நிமிர்த்தி நடந்தாள். தூரத்தில் தண்ணீரில் ஊன்றிய பாடு வலைக் கழிகள் வரிசையாக நின்றன. நாரைகள் இருந்தன. மேற்கே இருந்து முதுகில் காற்று அடித்தது. எண்ணவில்லை. தண்ணீர் ஓரம் வந்து சேர்ந்தபோது கணுக்காலில் மெல்லிய உளைச்சல் மட்டும்தான், அதற்கு ஒரு கோடுகூடப் போட முடியாது.

செருப்பைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சேற்றுக் கட்டியை வைத்து அமுக்கினாள். அங்கே வேறு மறைவு எதுவும் இல்லை, கழி இல்லை, செடி இல்லை. யாரும் அங்கே எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை. பறிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு இறங்கி, வரிசையின் வாலில் முட்டி போட்டாள். சேறு வெதுவெதுப்பாக முழங்காலை வாங்கிக்கொண்டது. ஏழெட்டுப் பெண்கள் தாண்டி வசந்தாவின் முதுகு தெரிந்தது, பக்கத்தில் சத்யா. வசந்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தேவகி தண்ணீரில் இறங்கிய அந்த நிமிடத்தில் அவள் கைகள் நின்று, பிறகு மறுபடி நகர்ந்ததை தேவகி கண்டாள். சத்யாவுக்கு இன்னும் கை பழகவில்லை. வசந்தாவின் பக்கமிருந்து துள்ளியதை அவள் இரண்டு தடவை விட்டாள்.

பத்து மணிக்கு மேல் கடல் வெள்ளம் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறத் தொடங்கியது. இடுப்பில் இருந்த தண்ணீர் விலாவுக்கு வந்தது. தேவகி கரைப்பக்கம் பார்த்தபோது, செருப்பை வைத்த இடம் தண்ணீராகியிருந்தது. ஒன்றைக் காணவில்லை, சேற்றோடு புதைந்திருக்க வேண்டும். மற்றது சேற்றுக் கட்டி கரைந்து, விடுபட்டு, நிமிர்ந்து மிதந்து வந்துகொண்டிருந்தது. ரப்பர் லேசு. மேல்காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளியது. அவளுக்கும் அதற்கும் நடுவில் இருபது அடி இருக்கும். முட்டியிலிருந்து எழுந்து, சேற்றிலிருந்து காலை உருவிப் போவதற்குள் அது தாண்டிப் போய்விட்டது. கூப்பிட வேண்டுமென்றால் பறிக் கயிற்றை விட வேண்டும், பறி கவிழ்ந்தால் காலையிலிருந்து பிடித்தது எல்லாம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பு வரிசையின் குறுக்கே போயிற்று. முதல் ஜோடி இரண்டு பக்கமும் சாய்ந்து அதற்கு வழி விட்டது. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, வாயில் கயிறு இருந்ததால் மூக்கு வழியாக வெளியே வந்தது. அடுத்தவர்களும் கையைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. அது அவசரம் இல்லாமல், குதிகால் பக்கம் முன்னே இருக்க, நடுவில் இருந்த மேடு மட்டும் நனையாமல், ஒவ்வொருவரையும் தாண்டிப் போய் வசந்தாவின் பறியில் முட்டி நின்றது.

வசந்தா குனிந்து பார்த்தாள். சத்யா அவள் முகத்தையே பார்த்தாள். காற்று செருப்பைப் பறியோடு மறுபடி ஒருமுறை முட்டியது. சேற்றிலிருந்து வசந்தாவின் வலது கை மேலே வந்தது, விரல் வழியாகக் கறுப்பாகச் சேறு ஒழுகிக்கொண்டு. அவள் செருப்பை எடுத்தாள். கட்டைவிரல் நடுவில் இருந்த மேட்டில் போய் நின்றது. அதை அமுக்கியது. விட்டது. மறுபடி அமுக்கியது. அது ஒவ்வொரு தடவையும் மெதுவாக எழும்பி வந்தது. பல்லில் பறிக் கயிறு இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவும் முடியாது. அவள் செருப்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையின் வால் பக்கம் திரும்பினாள். கை அப்படியே நின்றது. செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.